சேதுபதியின் சிவந்த கை

காஜா பெராங் சாலை அந்த நாளில் இவ்வளவு அகலம் கிடையாது. எதிரெதிரே இரண்டு மாட்டுவண்டி வந்துவிட்டால் ஒன்று சாக்கடை ஓரம் ஒதுங்கி நின்றுதான் மற்றதற்கு வழிவிடவேண்டும். மலாக்காச் செட்டிகளின் பலகை வீடுகளையும் ரம்புத்தான் மரங்களையும் தாண்டிப் போனால், வளைவுக்கு அந்தப் பக்கம் பி.டபிள்யூ.டி. கூலிகளின் லயம். தகரக்கூரை போட்ட வரிசை வீடு. மழை பெய்தால் உள்ளே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. கடைக்கோடி வீட்டில் பூங்காவனமும் அவள் புருஷன் சேதுபதியும் இருந்தார்கள். பிள்ளை இல்லை. இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் கலைந்துபோனது. அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் வேலை விட்டு வருகிறவர்களின் முகம் தெரிவதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிடும். தார் வாசனை. தலை வலிக்கிறது என்று மூக்கைப் பொத்துகிறவர்கள் உண்டு. பூங்காவனத்துக்கு அது சோறு வேகிற வாசனை மாதிரி. ஆள் வந்துகொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

சேதுபதி தார் டிரம்மில் நிற்கிற ஆள். விறகு தள்ளி டிரம்மைக் கொதிக்கவிட்டு, வாளியில் மொண்டு, அடியில் ஓட்டை போட்ட தகரக்குவளையால் ஜல்லிமேல் ஊற்றிக்கொண்டே பின்பக்கமாக நடக்கவேண்டும். முன்பக்கமாக நடந்தால் பாதம் வெந்துவிடும். "இந்த மலாக்காவை முதுகாலேயே சுத்திப் பார்த்தவன் நம்ம சேதுபதிதான்" என்று கூலிகளை வேலை வாங்குகிற மண்டோர் கலியாணசுந்தரம் கேலி பண்ணுவார். கிளேபாங் கடலோரச் சாலையானாலும் சரி, செமாபோக் பக்கமானாலும் சரி, தாரென்றால் சேதுபதிதான்.

வீட்டுக்கு வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டுவான். பூங்காவனம் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஒவ்வொரு விரலாகத் துடைப்பாள். பிறகு தேங்காயெண்ணெய். எவ்வளவு துடைத்தாலும் ரேகைகளுக்குள்ளும் நகக்கண்ணிலும் தார் தங்கிவிடும். கட்டிக்கொண்ட நாள் முதலாகப் புருஷனுடைய உள்ளங்கை என்ன நிறம் என்பதே அவளுக்குத் தெரியாது.

கையைத் துடைத்து முடித்ததும், "ஊதுங்க" என்பாள்.

அவன் வாயைக் குவித்து அவள் மூக்குக்கு நேரே ஊதுவான். தார்க்காரர்களின் புகையிலை வாடையும் வெற்றிலை வாடையும்தான் வரும்.

"ம். வாங்க, சாப்பிடலாம்."

லயத்தில் எல்லோருக்கும் இது தெரியும். பக்கத்து வீட்டுத் தியாகு, சேதுபதியைவிட இளையவன், ஜல்லி அள்ளுகிறவன், தினம் கள்ளுக்கடையை எட்டிப் பார்க்காமல் வீட்டுக்கு வராதவன். அவன் சொல்வான்: "அண்ணி, கஸ்டம்ஸ்லே ஆள் எடுக்கிறாங்களாம். நீங்க போய் மூக்கைக் காட்டுங்க, அங்கேயே உக்கார வச்சிருவாங்க."

"உன் வாயை மோந்தா என் மூக்கு அவிஞ்சுபோயிரும், போடா."

பூங்காவனம் இப்படி ஆனதற்கு அவள் அப்பா காரணம். அவர் பெயர் அப்பாசாமி, ரப்பர் தோட்டத்தில் நல்ல பால்வெட்டுக்காரர். கள்ளு குடித்தார், கள்ளு போதாமல் சீனன் விற்கிற சம்சு சாராயம் குடித்தார், ஒருநாள் மழையில் கள்ளுக்கடைச் சாக்கடையில் முகம் குப்புற விழுந்து செத்தார். சாகிறவரைக்கும் தினமும் சத்தியம் பண்ணினார், இன்றோடு விட்டேன் என்று. அவர் கண் எப்படிச் சிவக்கும், கை எப்படி ஆடும், பகலில் எப்படித் தூங்குவார், பக்கத்தில் வந்தால் என்ன வாடை வரும் என்பதெல்லாம் சிறுமியாக இருந்தபோதே அவளுக்கு மனப்பாடம்.

ஜப்பான்காரன் போன பிறகு அவள் தோட்டத்தை விட்டு மலாக்காவுக்கு வந்து, ரோட்டு வேலையில் ஜல்லிக்கூடை சுமந்தாள். அங்கேதான் சேதுபதியைப் பார்த்தாள். ஜப்பான்காரன் சயாம் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர்களில் உயிரோடு திரும்பி வந்த சிலரில் ஒருவன். எலும்பும் தோலுமாக, அதிகம் பேசாதவனாக, தார் டிரம்முக்குப் பக்கத்தில் நிற்பான். மண்டோர் மூலமாகப் பெண் கேட்டபோது, அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே டிரம்முக்குப் போனாள்.

"குடிப்பியா?"

"இல்லே."

"இனிமே?"

"சயாமிலேயே குடிக்கலே. இங்கே எதுக்குக் குடிக்கணும்?"

சயாமைப் பற்றி அவள் மேலே கேட்கவில்லை. அங்கிருந்து வந்தவர்களிடம் அதை யாருமே கேட்பதில்லை. "குடிச்சேன்னு தெரிஞ்சா அன்னிக்கே போயிருவேன்" என்று மட்டும் சொன்னாள். அவன் தலையை ஆட்டிவிட்டு விறகைத் தள்ளினான். கல்யாணமான அந்த முதல் வருஷங்களை நினைத்தால் பூங்காவனத்துக்குப் பிற்காலத்தில்கூட முகம் மலரும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஆற்றங்கரைப் பசாருக்கு நடந்து போவார்கள். அவன் பால் விடாத காப்பி ஓ வாங்கித் தட்டில் ஊற்றி ஆற்றி, முதல் வாயை அவளுக்குத் தருவான். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குடிப்பாள். திரும்பும்போது தொங்கோங் மரத்து நிழலில் நின்று ஆற்றில் போகிற சரக்குப் படகுகளைப் பார்ப்பார்கள். பேசவேண்டியது பெரிதாக ஒன்றும் இருக்காது. இருந்தாலும் வீட்டுக்கு வர மத்தியானம் ஆகிவிடும்.

மெர்டேக்கா என்கிற சுதந்திரத்தின் தேதியை அறிவிக்கத் தலைவர் மலாக்காவுக்குத்தான் வரப்போகிறார் என்று பேச்சு அடிபட்ட சமயம். பண்டார் ஹிலிர் திடலுக்குப் போகிற சாலைகளை எல்லாம் அவசர அவசரமாகச் செப்பனிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மண்டோர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அப்போதுதான் சேதுபதியின் கையில் வாளி ஆட ஆரம்பித்தது. தார் வழிந்து கால் பக்கம் தெறித்தது. நாலு வாளி ஊற்றுவதற்குள் போய் நிழலில் உட்கார்ந்துகொண்டான்.

"என்னாடா சேது, உனக்கும் வயசாச்சா?"

"அசதியா இருக்கு அண்ணே."

மண்டோர் கோபக்காரர், ஆனால் கெட்டவர் இல்லை. வாளியைத் தியாகுவிடம் கொடுத்துவிட்டு, வண்டிகளை நிறுத்தி அனுப்புகிற சிவப்புக் கொடியையும் பச்சைக் கொடியையும் சேதுபதி கையில் கொடுத்தார். "ஊர் பூரா கட்சிக்காரன் கொடி பிடிக்கிறான். நீயும் பிடி."

தார் தொடாத கை கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து வந்தது. ரேகைகளில் இருந்த கறுப்பு போனது. ஒருநாள் சாயங்காலம் வழக்கம்போல அவன் கையை நீட்ட, பூங்காவனம் துணியை நனைத்தவள் அப்படியே நிறுத்தினாள். கட்டைவிரலின் அடிமேட்டிலும் சுண்டுவிரல் பக்கத்து மேட்டிலும் விரல் நுனிகளிலும் செக்கச்செவேல் என்று இருந்தது. உள்ளங்கை நடுவில் மட்டும் சிவப்பில்லை.

குழாயடியில் தண்ணீர் பிடிக்க வந்த கமலவேணி எட்டிப் பார்த்தாள். அவள் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற செட்டி வீட்டுக்காரி. சாமி பெயரெல்லாம் தமிழில் சொல்வாள், மற்ற பேச்சில் மலாய்தான் அதிகம் கலந்து வரும். பூங்காவனம் அவளை மலாய் வழக்கப்படி அத்தை முறையில் மக்சிக் என்று கூப்பிடுவாள்.

"அலாமா! மச்சாம் பெங்கந்தின்!" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள் கமலவேணி. மருதாணி வைத்த கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறானாம்.

பூங்காவனமும் சிரித்தாள். "ஏங்க, எவளைக் கட்டப் போறீங்க?"

"கட்டினவளே கையை விட மாட்டேங்கிறா."

அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. மண்ணெண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் வெந்திருக்கும் என்று நினைத்தாள். பிறகு குழாயடியில் அவன் குளிக்கும்போது நெஞ்சிலும் தோள்பட்டையிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தாள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மெல்லிசாகச் சிவப்புக் கால்கள். சிலந்தி ஊர்ந்திருக்கிறது என்று மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினாள். போகவில்லை. அவன் பகலில் தூங்க ஆரம்பித்தான். கொடியைப் பிடித்துக்கொண்டே நின்றவாக்கில் தூங்கியதைப் பார்த்து ஒரு லாரிக்காரன் வைது தீர்த்தான் என்று தியாகு வந்து சொன்னான்.

அப்புறம் ஒருநாள் "ஊதுங்க" என்றாள். அவன் ஊதினான்.

இனிப்பாக ஒரு வாடை வந்தது. கனிந்து அழுகின பழத்தின் வாடை. முதல்நாள் கள்ளு மறுநாள் பானையில் கிடந்தால் வருமே, அந்த மாதிரி. பூங்காவனம் துணியைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு தடவை ஊதுங்க."

அதே வாடை.

"எங்கே போனீங்க?"

"எங்கேயும் போகலே. ரோட்டிலேதான் நின்னேன்."

"குடிச்சீங்களா?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "நான் குடிக்கலே, பூங்கா" என்றான். ஒரே ஒரு தடவைதான் சொன்னான்.

தேதி அறிவித்த நாளில் மலாக்கா முழுக்கத் திடலில்தான் இருந்தது. பூங்காவனம் நல்ல சேலை கட்டிக்கொண்டு புருஷனோடு போனாள். கூட்டம் மூன்று பாஷையிலும் கத்தியது. மலாய்க்காரர்களும் சீனர்களும் தமிழர்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றதை அதற்கு முன்னால் அவள் பார்த்ததில்லை. தொண்டை வற்றும்வரை அவளும் மெர்டேக்கா என்று கத்தினாள். திரும்பிப் பார்த்தால் சேதுபதி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். அவ்வளவு சத்தத்திலும் தூக்கம்.

வருகிற வழியில், காஜா பெராங் வளைவில் அவன் கால் தடுமாறிச் சாக்கடைக்குள் உட்கார்ந்துவிட்டான். பின்னால் வந்த லயத்து ஆட்கள் சிரித்தார்கள். "அண்ணனுக்கு இன்னிக்கே மெர்டேக்கா கிடைச்சிருச்சுடோய்!"

பூங்காவனத்தின் கண்ணுக்கு முன்னால் இன்னொரு சாக்கடை வந்து நின்றது. அதில் கிடந்த அப்பனும். அவள் நடுரோட்டில் நின்று கத்தினாள்.

"குடிகாரா! என்னை ஏமாத்திட்டியே! இத்தனை வருஷம் உன் கையைத் துடைச்சேனே, நீ எங்கே மறைச்சு வச்சுக் குடிக்கிறே? பாருங்கய்யா, எல்லாரும் பாருங்க, இவன் கையைப் பாருங்க, கண்ணைப் பாருங்க! குடிச்சுக் குடிச்சுச் சிவந்துபோய்க் கிடக்கிறதைப் பாருங்க!"

கட்டின நாளிலிருந்து அவனை அவள் நீ என்று சொன்னதில்லை. செட்டி வீடுகளின் சன்னல்கள் திறந்தன. தியாகு ஓடிவந்து சேதுபதியைத் தூக்கிவிட்டான். சேதுபதி வேட்டியிலிருந்த சேற்றைத் தட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

மறுநாள் அவள் செய்த காரியத்தை லயத்தில் வெகுகாலம் சொல்லிச் சிரித்தார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே கள்ளுக்கடைக்குள் போய்விட்டாள். பெண்பிள்ளை நுழைகிற இடமா அது? குவளையும் கையுமாக நின்றவர்கள் வழிவிட்டார்கள். கடைக்காரர் கருப்பையா பானைக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றார்.

"என் வீட்டுக்காரர் எந்நேரத்துக்கு வர்றாரு?"

"யாரும்மா, தார் சேதுபதியா? அந்த ஆளு வாசப்படி மிதிச்சதே இல்லையே."

"பொய் சொல்லாதீங்க."

"நான் எதுக்கும்மா பொய் சொல்லணும்? வந்தா எனக்கு யாவாரம்தானே!"

ஓரத்தில் நின்ற தியாகு, குவளையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "மாரியம்மா சத்தியமா அண்ணன் வர்றதில்லே அண்ணி" என்றான்.

"நீ குடிச்சிட்டுச் சத்தியம் பண்ணு. எங்கப்பன் சத்தியம் பண்ணாத சத்தியமா?"

குடிகாரனை இன்னொரு குடிகாரன் காட்டிக்கொடுக்க மாட்டான், கடைக்காரர் சொன்னது நிஜமென்றால் கள்ளு இல்லை, சம்சு என்று முடிவு கட்டினாள். அவன் வருகிற வழியில் சீனன் கடைகளுக்கா பஞ்சம்?

அவள் வீட்டைவிட்டுப் போகவில்லை. போவதாகச் சொன்ன வார்த்தை இருந்தது, ஆனால் போக இடம் இல்லை. அதைவிட, போக மனசும் இல்லை. அது அவளுக்கே அவமானமாக இருந்தது. அந்த ஆத்திரமும் சேர்ந்து அவன்மேல்தான் விழுந்தது. கை துடைக்கிற வேலையை நிறுத்தினாள். வாயை மோந்து பார்ப்பதையும் விட்டாள். சீன முதலாளி வீட்டில் துணி துவைக்கப் போய்விட்டு வந்து, கருவாட்டுக் குழம்பையும் உப்பு ஊறுகாயையும் தட்டில் தள்ளி, அவன் முன்னால் நகர்த்திவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவாள். குடிகாரனுக்கு நாக்குச் செத்திருக்கும், உப்பும் உறைப்பும்தான் இறங்கும் என்பது அம்மாவிடம் பார்த்த பழக்கம்.

சேதுபதி தட்டை வழித்துச் சாப்பிடுவான். எழுந்து கை கழுவிவிட்டு, "குழம்பு நல்லா இருந்துச்சு" என்பான். அவள் தட்டை எடுத்துக் கழுவப் போவாள்.

அந்த வருஷக் கடைசி மழைக்காலத்தில் வயிறு ஊதியது. காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. பல் துலக்கினால் ஈறில் ரத்தம். ஆள் எலும்பாகிவிட்டான், வயிறு மட்டும் மாசமான பெண்ணுக்கு வருகிற மாதிரி முன்னால் வந்தது. "சாராயத் தொந்தி" என்று லயத்தில் பெயர் வைத்தார்கள். குடியை நிறுத்தினால் வடிந்துவிடும் என்று பூங்காவனமும் காத்திருந்தாள்.

கமலவேணிதான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வந்து கத்தினாள். "பொம்பிளையா நீ? குடிக்கிறானோ இல்லையோ, ஆளு சாகப் போறான். பாவா பெர்கி ஹாஸ்பிட்டல்!" என்று கையைப் பிடித்து ஆஸ்பத்திரிப் பக்கமாகத் தள்ளினாள். திரிசா வண்டியையும் அவளே நிறுத்தினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுச் சேதுபதியின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். கையை விரித்துப் பார்த்தார்.

"எவ்வளவு காலமாக் குடிக்கிறீர்?"

"குடிக்கிறதில்லைங்க."

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை."

"பொய் சொல்றாரு ஐயா" என்றாள் பூங்காவனம். "வாய்ப் பக்கத்திலே போய்ப் பாருங்க. நான் குடிகாரன் மக. எனக்குத் தெரியும்."

டாக்டர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு நிஜமாகவே குனிந்து, "ஊதும்" என்றார். சேதுபதி ஊதினான். அவன் வாயைக் குவித்த விதத்தைப் பார்த்ததும் பூங்காவனத்துக்கு என்னமோ செய்தது. எத்தனை நாளாயிற்று அப்படி அவனை ஊதச் சொல்லி.

டாக்டர் நிமிர்ந்தார். "இது சாராய மணம் இல்லையம்மா. ஈரல் கெட்டுப்போனால் வாற மணம். ஏன் காணும், முந்தி எப்பவாவது மஞ்சட்காமாலை வந்ததோ?"

"சயாமிலே வந்துச்சுங்க. எங்க கேம்ப்லே பாதிப் பேருக்கு வந்துச்சு. கண்ணு, நகம், மூத்திரம் எல்லாம் மஞ்சளா. வந்தவனுங்க அநேகமா செத்துட்டானுங்க. நான் கிடந்து எழுந்திரிச்சிட்டேன்."

"அங்கை சாராயம் தந்தவங்களோ?"

"பொணம் தூக்குறவனுக்கு ஜப்பான்காரன் குடுப்பான். நானும் தூக்கினேன். என் பங்கைக் குடுத்துட்டுக் கஞ்சி வாங்கிக்குவேன். பசி பெருசா இருந்துச்சு."

டாக்டர் பேனாவை மூடினார். மேசையிலிருந்த சின்னக் கண்ணாடித் தகட்டை எடுத்துச் சேதுபதியின் நெஞ்சிலிருந்த ஒரு சிலந்திப் புள்ளிமேல் வைத்து அழுத்தினார். சிவப்பு காணாமல் போய், அந்த இடம் வெளிறியது. கையை எடுத்தார். நடுப்புள்ளியில் சிவப்பு முளைத்தது. அங்கிருந்து கால்கள் ஒவ்வொன்றாக வெளியே ஓடின.

"இஞ்சை வாரும். நீரும் அழுத்திப் பாரும்."

வேற்று ஆள் முன்னால் புருஷன் நெஞ்சைத் தொடுவது எப்படி என்று அவள் கூசினாள். பிறகு கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். சிவப்பு போனது. வந்தது.

"பழைய காமாலையிலை ஈரல் கெட்டு, நாள்ப்பட நாள்ப்படக் கல்லுமாதிரி ஆகிப்போச்சு. ரத்தம் அதுக்குள்ளாலை போகேலாமல் முட்டுது. தோலுக்குக் கீழை மயிர் மாதிரி இருக்கிற குழாய்களும் விரிஞ்சுபோச்சு. நெஞ்சிலை சிலந்தி, கையிலை சிவப்பு, எல்லாம் அதுதான். குடிக்கிறவைக்கும் இது வரும். குடியாதவைக்கும் வரும்."

மழையில் பெரிய சாக்கடை அடைத்துக்கொண்டால் லயத்து ஓடைகளில் எல்லாம் தண்ணீர் எதிர்த்து ஏறுமே, அது பூங்காவனத்தின் கண்ணில் வந்தது. "மருந்து இருக்குங்களா?"

"வயித்துத் தண்ணியை இறக்கலாம். திரும்பவும் ஊறும். உப்பை அறவே விடுங்கோ. உப்புத்தான் தண்ணியைக் கட்டி வைக்கும். ஈரலைத் திருப்பித் தர என்னட்டை மருந்தில்லை."

கருவாட்டை நினைத்தாள். பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வருகிற திரிசாவில் கால்வாசி தூரம் வந்ததும் பூங்காவனம் அவன் பக்கம் திரும்பினாள்.

"நடுரோட்டிலே நான் கத்தினேனே, நீங்க ஏன் திருப்பிக் கத்தலே?"

"சொன்னேனே, குடிக்கலேன்னு."

"ஒரு தடவைதானே சொன்னீங்க?"

"நாலு தடவை சொன்னா நம்பியிருப்பியா?" அவன் அவளைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தான். அவன் போட்ட சாலைதான். "உங்கப்பாவும் தினம்தானே சொன்னாரு. நானும் அப்படியே சொன்னா, நீ என்னையும் அவரையும் எப்படிப் பிரிச்சுப் பார்ப்பே? அதான் விட்டுட்டேன்."

அவள் அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரிசாக்காரன் சீனன், திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவள் கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு கிடைத்த மாதங்கள் நல்ல மாதங்கள் என்றுதான் சொல்லவேண்டும். உப்பில்லாத சோற்றுக்கு எலுமிச்சையும் புதினாவும் வைத்து ஒப்பேற்றினாள். அவன் உப்பில்லாமல் சாப்பிட, அவளும் உப்பில்லாமல் சாப்பிட்டாள். சுதந்திர நாள் காலையில் கமலவேணி வீட்டு ரேடியோவைச் சன்னலில் எடுத்து வைத்தாள். அவன் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து கேட்டான். "நம்ம ரோட்டிலேதான்லா எல்லாரும் திடலுக்கு நடந்து போனாங்க" என்று சொல்லிச் சிரித்தான். சும்மா இருக்கும்போது பூங்காவனம் அவன் நெஞ்சிலிருந்த சிலந்தி ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்துவாள். விடுவாள். சிவப்பு ஓடிவருவதைப் பார்ப்பாள்.

"என்னாடி விளையாட்டு இது?"

"வருதான்னு பார்க்கிறேன்."

லயத்துப் பெண்களிடம் அவள் டாக்டர் சொன்னதைச் சொல்லித்தான் பார்த்தாள். "அப்படியா அக்கா" என்றார்கள். தலையை ஆட்டினார்கள். ஊரே கேட்கக் கத்தினது அவள்தான். இப்போது வாசலில் நின்று மெதுவாகச் சொல்வதை யார் காதில் வாங்குவார்கள்? "அதை விடு" என்றான் சேதுபதி. "உனக்குத் தெரிஞ்சாச்சுல்ல." ஆனால் அவளுக்கு அது போதவில்லை. தன் வாயால் போன பெயர் திரும்பி வராமல் இவன் போய்விடுவானோ என்பதுதான் அவளை அரித்தது.

அவன் போய்த்தான் விட்டான். சுதந்திரம் வந்த அந்த வருஷக் கடைசி மழையில், ஒரு மத்தியானம், தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. குளிப்பாட்டும்போது அவள் நெஞ்சைப் பார்த்தாள். சிலந்திகள் வெளிறிப்போயிருந்தன. கையை விரித்தாள். மாநிறமான, சுத்தமான உள்ளங்கை. அந்த நிறத்தில் அந்தக் கையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். வாய்க்கரிசி போட வந்தவர்களோ, "குடி கெடுத்திருச்சு, பாவம்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

பதினாறாம் நாள் படையல். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, கூட வேலை செய்தவர்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது லயத்து வழக்கம். பிடித்தது என்று தெரிந்ததை வருகிறவர்களும் கொண்டுவந்து வைப்பார்கள். மண்டோர் வெற்றிலையும் புகையிலையும் வைத்தார். ஒருவன் ரொட்டி வைத்தான். தியாகு, தினம் குடிக்கிறவன் அன்றைக்கு ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் குளித்துவிட்டு வந்திருந்தான். பேப்பரில் சுற்றியிருந்ததைப் பிரித்து, பயபக்தியோடு இலைக்குப் பக்கத்தில் நிறுத்தினான். சம்சு போத்தல்.

"அண்ணனுக்குன்னு நல்லதாப் பார்த்து வாங்கினேன் அண்ணி" என்றான். கண் கலங்கியிருந்தது.

படையலில் வைத்ததைக் கற்பூரம் காட்டுமுன் எடுக்கக்கூடாது. பூங்காவனம் பல்லைக் கடித்துக்கொண்டு கற்பூரம் காட்டினாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். இலை போட்டாள், சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். அவர்கள் பிசைந்து முதல் கவளம் எடுத்ததும், வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். படையல் சோற்றில் கை வைத்தவன் பந்தி முடியாமல் எழுந்திருக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

"அவர் குடிக்கலே" என்றாள்.

கைகள் நின்றன.

"நான்தான் சொன்னேன், குடிச்சாருன்னு. வளைவிலே நின்னு, ஊருக்கே கேக்கிற மாதிரி கத்தினேன். அது பொய். அவருக்கு சயாமிலே காமாலை வந்துச்சு. அது ஈரலைத் தின்னுருச்சு. கை சிவந்தது அதனாலே. தூங்கினது அதனாலே. வாய் வாடையும் அதனாலே. எனக்குத் தெரியலே. நான் எங்கப்பனை நினைச்சுக்கிட்டு அவரைப் பார்த்தேன்."

மண்டோர் தொண்டையைச் செருமினார். "விடு தங்கச்சி. ஆம்பளைன்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான். செத்த ஆளை யாரும் குத்தம் சொல்லலே."

"நீங்க மன்னிக்கிறதுக்கு அவர் ஒண்ணும் பண்ணலே அண்ணே! பண்ணலேன்னுதானே சொல்றேன்!"

ஆறுதலாக இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். அந்த ஆட்டலைப் பூங்காவனம் நன்றாக அறிவாள். பெண்டாட்டி புருஷன் பெயரைக் காப்பாற்றுகிறாள், சொல்லிவிட்டுப் போகட்டும் என்கிற ஆட்டல். நிலைச்சட்டத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

தியாகு மட்டும் சாப்பிடாமல் என்னமோ யோசித்துக்கொண்டிருந்தான். சோற்றில் இருந்த வலது கையை அப்படியே விட்டுவிட்டு, இடது கையைத் தூக்கி மூக்குக்கு நேரே விரித்துப் பார்த்தான். புரட்டினான். மறுபடியும் பார்த்தான்.

"அண்ணே" என்றான் மண்டோரிடம். "நம்ம கும்பல்லே பெரிய குடிகாரன் யாரு?"

"சாப்பிடுற நேரத்திலே என்னாடா கேள்வி? நீதான்."

"எத்தனை வருஷமாக் குடிக்கிறேன்?"

"மீசை முளைக்கிறதுக்கு முந்தியே."

"அப்போ என் கை ஏன் சிவக்கலே?"

கையை மண்டோரிடம் நீட்டினான். படையலுக்காகத் தேய்த்துக் கழுவிய, காய்ப்புக் காய்த்த கை. சிவப்பு என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. மண்டோர் அதைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். அவரும் குடிக்காத ஆள் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தவன் பார்த்தான். அதற்கடுத்தவனும் பார்த்தான். பந்தி முழுக்க வலது கை சோற்றிலும் இடது கை முகத்துக்கு நேரிலுமாக ரோட்டுக்காரர்கள் தங்கள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருஷக்கணக்காகக் கள்ளும் சம்சுவும் குடித்த கைகள். ஒன்றுகூடச் சிவக்கவில்லை.

வாசலிலிருந்து பூங்காவனம் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

மண்டோர் கையை இறக்கினார். படையலில் நின்ற போத்தலைப் பார்த்தார்.

"தியாகு" என்றார். "சாப்பிட்டுட்டு மொத வேலையா அந்தப் போத்தலை எடு. அவன் முன்னாலே அது இருக்கக்கூடாது."